பொருந்தாத நாற்காலி உறைகள்: திருப்புவதா, திருத்துவதா, வெட்டுவதா?

உணவு மேசை நாற்காலிகளுக்கென்று இணையக் கடையில் ஆறு உறைகள் கொண்ட ஒரு கட்டு வாங்கி மாட்டிப் பார்த்தால், அவை அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டதுபோல் தொளதொளவென்று நிற்பது மும்பை வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. சாய்மானத்தின் மேல் மூலைகளில் துணி காலியாக மடிந்து கிடக்கும். சாய்மானமும் இருக்கையும் சந்திக்கும் இடத்தில் அது படியாமல் மேலெழும்பி நிற்கும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் கீழ் ஓரத்து எலாஸ்டிக் இருக்கைச் சட்டத்தை விட்டு நழுவி மேலே ஏறிவிடும். அப்படிப்பட்ட உறைகளைத் திருப்பி அனுப்பலாம். திணித்தும் கட்டியும் ஒப்பேற்றலாம். தையற்காரரிடம் கொடுத்துத் திருத்தலாம். சாய்மானப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இருக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது உறை என்ற எண்ணத்தையே கைவிட்டு இருக்கைக்குப் புதுத் துணி அடித்துவிடலாம். இவற்றில் எது நமக்குத் தகும் என்பதைப் பார்ப்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் நாற்காலியின் சாய்மானத்துக்கு உறை வேண்டுமா, வேண்டாமா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மேற்சொன்ன வழிகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

பொருந்தாமைக்குக் காரணம்

விற்பனைக்கு வரும் ஆயத்த உறைகளில் பெரும்பாலானவை, தலைமுதல் இருக்கைவரை பஞ்சும் துணியும் போர்த்திய, நேரான முதுகுள்ள, இடைவெளி இல்லாத நாற்காலியை மனத்தில் வைத்து வெட்டப்படுபவை. பார்சன்ஸ் நாற்காலி என்று கடைக்காரர்கள் அழைக்கும் அந்த வகையில் சாய்மானமும் இருக்கையும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருக்கும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் உள்ள நாற்காலிகளோ வேறு மாதிரியானவை: தேக்கிலோ சீசம் மரத்திலோ செய்யப்பட்டு, நெடுக்கான பட்டிகள் பதித்த சாய்மானமும், வளைந்த மேல்சட்டமும், முன்புறம் அகன்று பின்புறம் குறுகிய இருக்கையும் கொண்டவை. சாய்மானத்தின் கடைசிக் குறுக்குச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் நடுவே நாலைந்து அங்குல வெற்றிடம் இருக்கும். ஜோகேஸ்வரியின் ஓஷிவாரா மரச்சாமான் சந்தையில் பழைய செட்டாக வாங்கியவையாக இருந்தால், ஆறு நாற்காலிகளும் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் அரை அங்குலம் வேறுபடுவதும் உண்டு. ஆகவே, நாம் தவறான அளவை வாங்கிவிட்டோம் என்று பல நேரங்களில் நினைத்துக்கொள்வது சரியன்று. அளவு சரியாகவே இருந்தாலும் வடிவம் ஒத்துப்போகாது.

இழுவைத் துணியின் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. இந்த உறைகள் பாலியஸ்டரோடு சிறிதளவு ஸ்பான்டெக்ஸ் கலந்து பின்னப்பட்டவை. ஸ்பான்டெக்ஸ் இழை 1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. தன் நீளத்தைப்போல் பல மடங்கு இழுபட்டு மீண்டும் பழைய நிலைக்குச் சுருங்கக்கூடியது. அந்தச் சுருங்கும் குணத்தால் புடைத்த இடத்தில் துணி ஒட்டிப் படிகிறது. குழிந்த இடத்தில் அதே குணம் எதிராக வேலை செய்கிறது. இரண்டு முனைகளுக்கு நடுவே துணி மிகக் குறுகிய வழியையே தேடுவதால், சாய்மானமும் இருக்கையும் சேரும் மூலையில் அது உள்ளே இறங்காமல் குறுக்காக நின்றுவிடுகிறது. இன்னும் நன்றாக இழுபடும் துணியை வாங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணி வேறொரு கட்டு வாங்குபவர்கள், அதே மூலையில் அதே குறையை மறுபடியும் காண்பார்கள். அந்த இடத்தில் துணியைக் கீழ்நோக்கிப் பிடித்துவைக்க ஏதேனும் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கட்டின்மேல் அச்சிட்ட அளவும் நம்மை ஏமாற்றக்கூடியது. சாய்மான உயரம் 18 முதல் 23 அங்குலம் வரை என்பதுபோல் ஓர் எல்லை கொடுத்திருப்பார்கள். நம் நாற்காலி 18 அங்குலமாக இருந்தால் அந்த எல்லைக்குள் அது அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே துணிக்கு இழுவையே இல்லாததால் தளர்ந்து தொங்கும். எல்லையின் நடுவிலிருந்து மேல்பாதி வரை வரும் நாற்காலிக்குத்தான் உறை இறுகி நிற்கும். இஞ்ச் டேப்பால் அளக்கும்போது சாய்மானத்தின் மேல் அகலம், கீழ் அகலம், உயரம், இருக்கையின் முன் அகலம், பின் அகலம், ஆழம், இருக்கைச் சட்டத்தின் கனம் ஆகிய எல்லாவற்றையும் எடுத்து எழுதிக்கொள்வது நல்லது. மேல் அகலம் கீழ் அகலத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், திறப்பு இல்லாத உறை அந்தச் சாய்மானத்தில் நன்றாக ஒட்டி நிற்பது கடினம். மேல்சட்டத்தைத் தாண்டி இறங்கும் அளவு அகலம் உறைக்குத் தேவைப்படும். அந்த அகலமே கீழே வந்ததும் தொளதொளப்பாக மாறிவிடும்.

திருப்பி அனுப்புவது

இருக்கையின் மேலேயே உறை ஏறவில்லை என்றால், யோசனைக்கு இடமில்லாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சிறியதைப் பெரியதாக்குவது தையலில் மிகவும் கடினமான வேலை. ஆயத்த உறைகளில் உள்தையலுக்குக் கால் அங்குலத் துணிகூட விடாமல், ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்டும் ஓவர்லாக் தையல் போட்டிருப்பார்கள். பிரித்துவிடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரே ஓர் உறையை மட்டும் எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, மற்ற ஐந்தையும் பிரிக்காமல் வைத்திருந்தால் திருப்புவதில் சிக்கல் குறையும்.

இங்கே ஓர் அறிவுரையை மறுத்துவிட வேண்டும். தளர்ந்த உறையைச் சுடுநீரில் ஊறவைத்தால் சுருங்கிப் பொருந்திவிடும் என்று சொல்வார்கள். பாலியஸ்டர் உறை வீட்டுச் சுடுநீரில் குறிப்பிடத்தக்க அளவு சுருங்குவதில்லை. அதிகச் சூடு ஸ்பான்டெக்ஸின் இழுவையைத்தான் கெடுக்கும், குளோரின் கலந்த வெளுப்பானும் அப்படியே. பருத்தி உறை சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே அளவாகச் சுருங்காது. பாவு நூல், அதாவது நெய்த துணியின் நெடுக்கு நூல், ஓடும் திசையில் பெரும்பாலும் கூடுதலாகச் சுருங்குவதால், அகலம் தளர்ந்தபடியே இருக்க உயரம் குறைந்துபோய், இருக்கிற குறையோடு இன்னொன்றும் சேரும். துவைத்த உறையைக் கடைக்காரர் திரும்பப் பெறவும் மாட்டார்.

ஒப்பேற்றும் வழிகள்

வாடகை வீட்டில், அடுத்த ஆண்டு எந்த மேசை இருக்கும் என்று தெரியாத நிலையில் இருப்பவர்களுக்கு, தையலும் வெட்டும் இல்லாத வழிகளே முதலில் நினைவுக்கு வரும். அவற்றுள் சில நன்றாகவே பயன்படுகின்றன.

சோபா உறைகளோடு கொடுக்கப்படும் மெல்லிய ஃபோம் குச்சிகளை மூலையில் திணித்துத் துணியை உள்ளே இறக்கும் வழி, பஞ்சு வைத்த சாய்மானமும் பஞ்சு வைத்த இருக்கையும் நெருங்கி நிற்கும் நாற்காலியில் மட்டுமே பலிக்கும். பட்டிச் சாய்மானமுள்ள மர நாற்காலியில் குச்சி பின்பக்கமாகத் தள்ளப்பட்டுத் தரையில் விழுந்துவிடும். அத்தகைய நாற்காலிக்கு நாடாதான் சரியான துணை. உறையின் மூலை மடிப்பில், உட்புறமாக இரண்டு நாடாக்களைக் கையாலேயே தைத்து, சாய்மானத்துக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் வழியாகப் பின்னால் இழுத்து, இருக்கையின் பின்சட்டத்தைச் சுற்றிக் கட்டிவிட்டால் துணி அந்த மூலையில் இறங்கிப் படியும். மேலெழும்பி நிற்கும் உறைக்கு இதைவிட மலிவான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை. உறையின் பின்பக்கமே முடிச்சை மறைத்துக்கொள்ளும்.

இருக்கையில் உறை முன்னும் பின்னும் வழுக்குவதற்கு, சமையலறை இழுப்பறைகளில் விரிக்கும் வழுக்காத வலைப்பாயை இருக்கை அளவுக்கு வெட்டி உறைக்கு அடியில் போடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மெருகேற்றிய மரப்பலகையின்மேல் வழவழப்பான பின்னல் துணி நகர்ந்துகொண்டே இருக்கும். கையை இருக்கையில் ஊன்றி எழுபவருக்கு அந்த நகர்வு ஆபத்தாக முடியும். மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும் பழக்கமுள்ளவர்களுக்குச் சாய்மான உறையும் அதே வகையில் இடைஞ்சல்தான்.

பட்டிச் சாய்மானத்தின்மேல் மெல்லிய ஃபோம் தாளைச் சுற்றி, உறை எதிர்பார்க்கும் வடிவத்துக்கு நாற்காலியையே மாற்றிவிடும் உபாயமும் ஒன்று உண்டு. பார்வைக்கு இது மிக அழகான விளைவைத் தரும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும் ஊரில், மரத்துக்கும் துணிக்கும் நடுவே ஃபோமை வைத்து மூடுவது ஈரத்தைச் சேமித்து வைப்பதற்கு ஒப்பாகும். மழைக்காலம் முடிந்து உறையைக் கழற்றும்போது பூசண வாடை அடிக்கும். குளிரூட்டி ஓடும் அறையில் சாப்பாட்டு மேசை இருப்பவர்கள் வேண்டுமானால் செய்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஊக்குகளைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான்: இரும்பு ஊக்கு ஒரு மழைக்காலத்திலேயே துருவேறித் துணியில் பழுப்புக் கறையை விட்டுவிடும்.

வெல்க்ரோவைப் பயன்படுத்துபவர்கள் பசையுள்ள வகையை நம்பக் கூடாது. ஈரக்காற்றில் பசை இளகி விலகிவிடுகிறது. மென்மையான பட்டையை உறையின் உட்புறத்தில் தைத்துவிட்டு, சொரசொரப்பான கொக்கிப் பட்டையை இருக்கைச் சட்டத்தின் அடிப்புறத்தில் ஸ்டேப்பிள் ஆணியால் அடிக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால், துவைக்கும்போது கொக்கிப் பட்டை பின்னல் துணியின் இழைகளைப் பற்றி இழுத்துப் பொந்து பொந்தாக்கிவிடும்.

தையற்காரரிடம் கொடுப்பது

தளர்ந்த உறையைச் சிறியதாக்கும் வேலையில் தையற்காரருக்கு நிகர் எவருமில்லை. ஆனால் எல்லாத் தையற்காரரும் இதற்குப் பொருந்துவதில்லை. தெருமுனையில் ஒற்றை இயந்திரத்தோடு உட்கார்ந்து கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துத் தருபவர், இழுபடும் பின்னல் துணியிலும் நேர்த்தையலே போடுவார். உறையை இழுத்து மாட்டும் முதல் நாளிலேயே அந்த நூல் அறுந்துவிடும். இழுவைத் துணிக்கு முனை மழுங்கிய ஊசியும், ஓவர்லாக் அல்லது கோணல்மாணலாக ஓடும் ஜிக்ஜாக் தையலும் தேவை. தாராவியின் தையற்கூடங்களில் ஆயத்த ஆடை தைப்பவர்களிடம் இந்த இயந்திரங்கள் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்கள் நேரே அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பருத்தியிலோ கேன்வாஸிலோ ஆன உறை என்றால் எந்தத் தையற்காரரும் போதும்.

வேலையைப் பாதி நாமே வீட்டில் செய்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உறையை உள்வெளியாகத் திருப்பி நாற்காலியில் மாட்டி, தளர்ந்த துணியை இரண்டு பக்கமும் சமமாகக் கிள்ளிப் பிடித்து, குண்டூசி குத்தி, அதன் ஓரமாகச் சாக்பீஸால் கோடு இழுத்து, பிறகு கழற்றிக் கொடுக்க வேண்டும். கைக்கு எட்டியதையெல்லாம் இறுகப் பிடித்துவிடக் கூடாது. மேல்சட்டத்தைத் தாண்டி உறை ஏறி இறங்க வழி விட வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் தைத்து வாங்கி, அதை ஆறு நாற்காலிகளிலும் மாட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றைக் கொடுப்பது நல்லது. கையால் செய்த நாற்காலிகள் ஒன்றுபோல் இரா என்பதை மேலே சொன்னேன்.

மேலே அகலமும் கீழே குறுகலுமான சாய்மானத்துக்கு வெறும் டாட் பிடிப்பது, அதாவது தளர்ந்த துணியைக் கிள்ளி மடித்துத் தைப்பது, போதாது. உறையின் பின்பக்கத்தை நடுவில் நெடுக்காக வெட்டித் திறப்பு வைத்து, இரண்டு ஓரங்களையும் மடித்துத் தைத்து, மூன்று இடங்களில் நாடாவோ பித்தானோ வைத்துவிட்டால், உறை தாராளமாக ஏறும். கட்டியதும் இறுகி நிற்கும். குறையை மறைக்காமல் அதையே ஓர் அலங்காரமாக்கிக்கொள்ளும் வழி இது. ஆறு நாற்காலிகளின் முதுகிலும் பட்டையான ரிப்பனைப் பூப்போல் முடிந்துவிட்டால் வீடு கல்யாண மண்டபமாகிவிடும் என்பதால், உறையின் நிறத்திலேயே மெல்லிய நாடாவாக இருக்கட்டும்.

உயரத்திலோ அகலத்திலோ உறை ஓரிரண்டு அங்குலம் போதாமல் இருந்து, திருப்பி அனுப்பும் காலமும் கடந்துவிட்டிருந்தால், பக்கத் தையலைப் பிரித்து வேறு நிறத் துணியில் ஒட்டுத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைக்கலாம். அதே நிறத்தைத் தேடி அலைந்து கிட்டத்தட்ட ஒத்த துணியை வைப்பதைவிட, துணிந்து மாறுபட்ட நிறத்தை வைத்து, கீழ் ஓரத்திலும் அதே துணியில் பைப்பிங் என்னும் மெல்லிய ஓரப்பட்டை கொடுத்தால் வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். ஆனால் ஆறு உறைக்கும் இதைச் செய்யும் கூலியைக் கூட்டிப் பார்க்க வேண்டும். என் கணக்கு எளிமையானது: திருத்தும் கூலி உறையின் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பணத்தை அடுத்து வரும் இரண்டு வழிகளில் ஒன்றுக்குச் செலவிடுவது மேல்.

சாய்மானத்தை வெட்டிவிடுவது

மர நாற்காலிகள் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். சாப்பாட்டு நாற்காலியில் கறை படுவது இருக்கையில்தான். சாம்பார் சிந்துவதும், குழந்தை ரசச் சாதத்தைக் கையால் பூசுவதும் அங்கேதான். மரப்பட்டிச் சாய்மானத்தை ஈரத் துணியால் ஒரு துடைப்பில் சுத்தம் செய்துவிடலாம். அதற்கு உறை போடுவது துவைக்கும் வேலையைக் கூட்டுவது தவிர வேறு எதற்கும் பயன்படாது. மாறாக, உயர்ந்த சாய்மானம் முழுவதும் துணி போர்த்திய நாற்காலியில் எண்ணெய் தேய்த்த தலை சாயும். அங்கே சாய்மான உறைக்குத் தேவை இருக்கிறது, அங்கேதான் அது பொருந்தவும் செய்கிறது.

வெட்டுவதற்கு முன், பழைய வேட்டித் துணியில் ஓர் அச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கையின்மேல் வேட்டியை விரித்து, சட்டத்தின் அடிப்புறம் வரை மடங்கும்படி நான்கு பக்கமும் நாலைந்து அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, பின் மூலைகள் இரண்டிலும் சாய்மானக் கால்கள் மேலெழும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பின்மூலைகள்தான் வேலையின் உயிர்நிலை. சாய்மானக் கால்கள் இருக்கைக்கு வெளியே, பின்புறம் ஒட்டி நிற்கும் நாற்காலியில், சுற்றிலும் எலாஸ்டிக் கோத்த உறை அப்படியே மாட்டிக்கொள்ளும். கால்கள் இருக்கையின் மூலைகளை ஊடுருவி மேலே போகும் நாற்காலியில் அது நடக்காது. மூலைக்கு ஒரு வெட்டுக் கொடுத்து, வெட்டின் இரு ஓரங்களிலும் நாடா வைத்து, காலைச் சுற்றிப் பின்னால் கட்ட வேண்டும். பின்னல் துணி நெய்த துணியைப்போல் எளிதில் நூல் பிரிந்துபோகாது என்பதால், முதல் உறையை மடித்துத் தைக்காமலே சில நாள் போட்டுப் பார்த்து, அளவு சரி என்று தெரிந்த பின் தைத்துக்கொள்ளலாம்.

கீழ் ஓரத்தில் எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா கோக்கும் வழியையும் எண்ணிப் பார்க்கலாம். எலாஸ்டிக் மாட்டவும் கழற்றவும் சுலபம். ஆனால் அடிக்கடி துவைக்க நேரும்போது சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், மாற்றுவதற்கு ஓரத்தைப் பிரிக்க வேண்டும். நாடா தளராது, ஒவ்வொரு நாற்காலிக்கும் தகுந்தபடி இறுக்கிக்கொள்ளலாம். அளவு சற்றே வேறுபடும் செட்டுக்கு நாடாதான் உகந்தது. வெட்டி எடுத்த சாய்மானத் துணி வீணாகாது: ஆறு சாய்மானத் துண்டுகளிலிருந்து மாற்று இருக்கை உறைகள் சிலவற்றைத் தைத்துவிட முடியும். துவைத்தது காயும்வரை போட்டுக்கொள்ள அவை உதவும்.

உறையை வெட்ட மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழி: கரூரில் தயாராகும் நாடா வைத்த நாற்காலி மெத்தைகள். வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரைத் தாண்டிச் சொந்த ஊருக்குப் போய்வருபவர்கள் இருக்கையின் அளவை எழுதி எடுத்துச்சென்றால் பொருத்தமானவை கிடைக்கும். ஆனால் அவை இருக்கையின் மேற்புறத்தை மட்டுமே காக்கும்; முன் ஓரத்துச் சட்டத்தில் சிந்துவதைத் தடுக்கா.

புதுத் துணி அடிப்பது

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, இருக்கையின் அடியில் நான்கு திருகாணிகள் தெரிந்தால், உறையைப் பற்றிய கவலை ஏறத்தாழ முடிந்தது. அந்த இருக்கை தனியே கழன்று வரும் வகை. பழைய துணியை எடுத்துவிட்டுப் புதிய துணியை ஸ்டேப்பிள் துப்பாக்கியால் அடித்து மீண்டும் திருகிவிடலாம். வீட்டில் ஒருவரே ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை. பொருந்தாமை என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

துணிக் கணக்கையும் போட்டுவிடலாம். இருக்கை 18 அங்குலச் சதுரம் என்றால், கனத்துக்கும் அடியில் மடிப்பதற்குமாகச் சேர்த்து 24 அங்குலச் சதுரம் போதும். மெத்தைத் துணி பொதுவாக 54 அங்குல அகலத்தில் வருவதால், ஓர் அகலத்தில் இரண்டு இருக்கைகள் அடங்கும். ஆறு இருக்கைகளுக்கு மூன்று வரிசை, அதாவது 72 அங்குலம், இரண்டு மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். கட்டமோ பெரிய பூவோ போட்ட துணி என்றால் வடிவம் நடுவில் அமைய இன்னும் அரை மீட்டர் கூடுதலாக வாங்க வேண்டும். கிராஃபோர்டு மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள மங்கள்தாஸ் மார்க்கெட்டிலும், தாதர் ஹிந்த்மாதாவிலும் மீட்டர் கணக்கில் வாங்கும்போது, 44 அங்குல அகலச் சட்டைத் துணியை விலை குறைவு என்று எடுத்துவிட்டால் வரிசைக்கு ஓர் இருக்கைதான் வரும், கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

ஆணியை ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதலில் அடித்து, எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி இழுத்து, மூலைகளைக் கடைசியில் மடிக்க வேண்டும். பழைய துணியின் மேலேயே புதியதை அடித்துவிட்டால் கனம் கூடி, சட்டத்தின் நடுவே இறங்கி உட்காரும் வகை இருக்கை மறுபடி உள்ளே போகாது. உட்கார மெத்தென்று இருக்கட்டும் என்று ஃபோமைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு: மேசை 30 அங்குல உயரம், இருக்கை 18 அங்குலம் என்பது வழக்கமான அளவு, மேசையின் அடிச்சட்டம் மூன்று நான்கு அங்குலத்தை எடுத்துக்கொள்ளும், இருக்கையில் இரண்டு அங்குலத்தைக் கூட்டினால் பருத்த தொடையுள்ளவர்கள் இடிபடுவார்கள்.

ரெக்ஸின் துடைக்க எளிது என்பதால் பலரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் அது உடலோடு ஒட்டும். தோல்போல் தோன்றும் பாலியூரித்தேன் வகையோ காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து செதில் செதிலாக உரியக்கூடியது. கடலோர ஊருக்கு அது தகாது. பவானி ஜமக்காளம், உறையாகத் தைத்தால் விறைத்து நிற்குமே தவிர மடிந்து படியாது. கழன்று வரும் இருக்கையில் இழுத்து அடித்தால் அதன் பட்டைக் கோடுகள் மிக எடுப்பாக இருக்கும், தேயவும் தேயாது. மஞ்சள் கறைக்கு மட்டும் எந்தத் துணியாக இருந்தாலும் ஒரே நியாயம்தான்: சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் காயக் காய வெளிறிப்போகும். மழைக்காலத்தில் அந்த வெயில் கிடைக்காது என்பதால், ஆணியால் அடித்த துணிக்கு வெளிர் நிறம் வேண்டாம். கழற்றித் துவைக்கும் உறைக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

கழற்ற முடியாமை என்பதே இந்த வழியின் ஒரே பெரிய குறை. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில், அதாவது வாரம் ஒரு முறையாவது துவைக்க வேண்டிய வீட்டில், கழன்று வரும் இருக்கையாகவே இருந்தாலும் நாடா வைத்த இருக்கை உறைதான் நல்லது; பாலியஸ்டர் பின்னல் என்றால் மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவில் காய்ந்துவிடும். கனத்த பருத்தியோ மழைக்காலத்தில் இரண்டு நாளாகியும் ஈரம் விடாமல் வாடை பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் வளர்ந்த வீட்டில் புதுத் துணி அடிப்பதே முடிவாக இருக்கட்டும். முழுதும் துணி போர்த்திய உயர்ந்த நாற்காலி என்றால் உறையைத் தையற்காரரிடம் கொடுக்கலாம். வாடகைக்கு எடுத்த மரச்சாமானில் ஆணி அடிக்க முடியாது; அங்கே நாடாவும் வலைப்பாயும் போதும்.

மேசையின் இரு தலைப்புகளிலும் போடும் கை வைத்த நாற்காலிகள் இரண்டும் எந்த உறைக் கட்டுக்குள்ளும் அடங்குவதில்லை. கைப்பிடியைத் தாங்கும் முன்கால்கள் இருக்கையின் முன் மூலைகளிலேயே மேலெழுவதால் ஆயத்த உறை அங்கே நுழையவே நுழையாது. அவற்றுக்கு நான்கு மூலைகளிலும் வெட்டுக் கொடுத்து நாடா வைத்த இருக்கை உறைதான் வழி. மற்ற நான்கிலிருந்து வெட்டி எடுத்த சாய்மானத் துணியையே அதற்குப் பயன்படுத்தினால் நிறம் தேடி அலைய வேண்டியிராது. ஆகவே அந்த இரண்டின் அளவையும் எடுத்து முடிக்கும்வரை எந்தத் துண்டையும் குப்பையில் போடாமல் வைத்திருப்பது நல்லது.